பாத்தி யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு வேளாண்மை சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். பள்ளித் தோட்டம், சுற்றுச்சூழல் மன்றம், தேசிய பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று பிள்ளைகளை மண் பக்கம் இழுத்துவர எத்தனையோ ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனாலும் பழைய சகாக்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே புலம்பல்தான்: "பசங்களுக்கு இதுல ஆர்வமே இல்ல சார்." ஆர்வம் இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்று பிள்ளைகளைக் கேட்டவர்கள்தான் குறைவு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகுப்பில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்துவிட்டது. அதே ஆண்டில் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழுவும் மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்விக்கு இடம் வேண்டும் என்று வலியுறுத்தியது. நல்ல நோக்கம்தான். நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு அப்பாவும் மகனும் வந்து நிற்பார்கள். நல்ல மார்க் என்றால் முதல் குரூப். கொஞ்சம் குறைந்தால் காமர்ஸ். அதற்கும் கீழே என்றால், "பரவாயில்ல, அக்ரியில போட்டுக்கலாம்" என்பார்கள், பையனை எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டே. கழித்துப்போட்டதில்தான் தன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தே அவன் வகுப்புக்குள் நுழைகிறான். அவனிடம் போய் "விவசாயி நாட்டின் முதுகெலும்பு" என்று ஆரம்பித்தால் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் வேறு என்ன செய்வான்?

வீட்டில் கேட்பதும் வேறு மாதிரி இல்லை. "இந்தப் பொழப்பு எங்களோட போகட்டும், நீ படிச்சு ஒரு வேலைக்குப் போ" என்பதைத்தான் பால் குடித்த நாளிலிருந்து கேட்டு வளர்கிறான். மேடையில் விவசாயத்தின் பெருமையைப் பேசிவிட்டுக் கீழே இறங்கும் விருந்தினரின் மகன் எந்தக் கல்லூரியில் என்ன படிக்கிறான் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். நாம் நினைப்பதைவிட அவர்களுக்கு நிறையவே தெரியும்.

இதற்கு மேல் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. யார் தாமதமாக வந்தது? தோட்டத்தில் போய்க் களை எடு. வீட்டுப்பாடம் எழுதவில்லையா? செடிக்குத் தண்ணீர் ஊற்று. பிரம்பை ஒழித்தபிறகு அந்த இடத்தை மம்பட்டி பிடித்துக்கொண்ட பள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன். காலையில் அப்பாவோடு மடை மாற்றிவிட்டு, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு பஸ் பிடித்து வந்த பையனை, பஸ் தாமதம் என்பதற்காகத் திரும்பவும் களையெடுக்க அனுப்புகிறோம். அப்புறம் அதே தோட்டத்துக்கு 'இளம் உழவர் மன்றம்' என்று பலகை எழுதி மாட்டினால் எவன் வருவான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கத்தரிக்காய், முதல் அறுவடையன்றே பைபையாக ஆசிரியர் அறைக்குப் போய்விட்டது. சத்துணவுக்குப் போயிருந்தால்கூடப் பிள்ளைகள் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை, அவ்வளவுதான். "பார்த்தீங்களா, ஆர்வமே இல்ல" என்று அங்கேயும் சொன்னார்கள்.

என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான். முதல் இரண்டு பீரியடும் தூக்கம். விசாரித்தால், விடியுமுன்பே அப்பாவோடு டெம்போவில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு நேராகப் பள்ளிக்கு வருகிறான். ஒருநாள் சாகுபடிச் செலவு நடத்திக்கொண்டிருந்தேன். பழைய கையேடு ஒன்றிலிருந்த அட்டவணையைப் பலகையில் எழுதியிருந்தேன். உழவு, நாற்று, உரம், மருந்து, கூலி, கடைசியில் நிகர வருமானம். பெஞ்சில் கவிழ்ந்திருந்தவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "சார், இதுல மண்டிக் கமிஷன் இல்ல. எறக்குக் கூலி இல்ல. பொட்டி வாடகையும் இல்ல."

"நீ வந்து எழுது" என்று சாக்பீஸைக் கொடுத்தேன். எழுந்து வந்தான். 14 கிலோ பெட்டிக்கு என்ன விலை போனால் அப்பாவுக்குக் கையில் என்ன மிஞ்சும், எந்த விலைக்குக் கீழே போனால் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடுவது லாபம் என்று கடகடவென்று போட்டுக் காட்டினான். கேரளாவுக்கு லாரி போகாத நாளில் விலை எப்படி விழும் என்று வேறு சொன்னான். அந்த வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கணக்குப் பாடத்தில் அவன் வாங்கிய மார்க்கை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்று ஒரு பழமொழி சொல்வோம். அதைச் சொல்லிச் சொல்லியே கணக்குப் பார்க்காமல் இருந்து பழகிவிட்டோம். பள்ளியிலும் அதே கதைதான். உழைப்பைப் பிள்ளைகளிடம் வாங்கிக்கொள்கிறோம், கணக்கைக் காட்டுவதில்லை, விளைச்சலையும் கொடுப்பதில்லை. என் அனுபவத்தில், பாத்தி தன்னுடையது, கணக்குத் தன்னுடையது, காசும் தன்னுடையது என்று ஆனால் பாதிப் பிள்ளைகளாவது நிமிர்ந்து உட்காருவார்கள். மீதிப் பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதைத்தான் செய்து பார்த்தேன். தோட்டத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து இரண்டு பேருக்கு ஒரு பாத்தி கொடுத்தேன். என்ன விதைப்பது என்பது அவர்கள் முடிவு. விதை, எருச் செலவை என்னிடம் கடன் வாங்கிக்கொள்ளலாம். விற்ற காசில் கடனைக் கழித்தது போக மீதி அவர்களுக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு வரவு செலவு எழுத வேண்டும், தண்ணீர் ஊற்றிய நேரத்தைக்கூட. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதும் வேலை இதில் நடக்காது, ஏனென்றால் சீனியர் பாத்தியில் விளைந்தது வேறு.

பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பேசினேன். பதினாறு வயதுக்குப் பொறுமை குறைவு. ஆறு மாதம் கழித்துக் காய்க்கும் முருங்கையை அவனிடம் கொடுத்தால் மறந்துவிடுவான். சிறுகீரை, முளைக்கீரை என்றால் 25 நாளில் பிடுங்கிக் கட்டலாம். முள்ளங்கி 45 நாள். ஆடிப்பட்டத்தில் வெண்டை போட்டால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முதல் பறிப்பு வந்துவிடும். பள்ளி நாட்காட்டிக்கு வெண்டையைப் போல ஒத்துப்போகும் பயிர் வேறு இல்லை என்பது என் கட்சி. அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும், விட்டால் முற்றிப்போகும். நுனியைக் கிள்ளினால் ஒடியாத காயை எவரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். அதனால் சனி, ஞாயிறு என்று பார்க்காமல் வந்தார்கள். சுணை கையெல்லாம் அரிக்கும் என்று பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பறிக்கும் வித்தையை அவர்களேதான் கண்டுபிடித்தார்கள்.

ஒரு வருடம் மஞ்சள் நரம்புத் தேமல் வந்தது. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளிறிப்போகும். வைரஸ் நோய், வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். இதைப் பாடமாக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. அன்று நடந்தது வேறு. பாத்திக்காரன் பிடுங்க மாட்டேன் என்கிறான், பூ இருக்கிறதாம். பக்கத்துப் பாத்திக்காரன் பிடுங்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறான், ஈ தன் பக்கம் வந்துவிடும் என்று. அந்தப் பக்கத்துப் பாத்திக்காரன் அதுவரை என்னிடம் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்காத பையன். ஒவ்வோர் இலையாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த பூச்சியை விரலால் தட்டிப் பறக்கவிட்டு, "இதானே சார், இதானே?" என்று கேட்கிறான். மறுநாள் பிஸ்கட் டப்பா மூடிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, குச்சியில் கட்டிப் பாத்தியைச் சுற்றி நட்டுவைத்தான். கடையில் விற்கும் மஞ்சள் ஒட்டும் பொறிக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை. பாத்தி அவனுடையதாக இல்லாமல் பள்ளியுடையதாக இருந்திருந்தால் அந்த ஈயை அவன் பார்த்தே இருக்க மாட்டான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாத் தலைமை ஆசிரியர்களும் தயங்கும் இடம் அதுதான். "பள்ளி வளாகத்தில் விளைந்ததை விற்றுப் பிள்ளைகள் கையில் பணம் கொடுத்தால் ஆடிட்டில் கேட்பார்களே" என்பார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நாங்கள் நோட்டுக் கணக்கைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் காட்டி ஒப்புதல் வாங்கிவைத்துக்கொண்டோம். சாயங்காலம் பள்ளி வாசலில் கீரைக்கட்டும் வெண்டைக்காயும் விற்றார்கள். கிடைத்தது பெரிய தொகை ஒன்றும் இல்லை, பஸ் செலவுக்கும் பரோட்டாவுக்கும் ஆகும். ஆனால் ஆசிரியர்களும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று விதி வைத்தோம் பாருங்கள், அதில் பிள்ளைகளுக்கு இருந்த சந்தோஷம் தனி.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தவில்லை. சாயங்காலம் நின்று விற்க முடியாது, கடைசி பஸ் போய்விடும், வீட்டில் வேலை கிடக்கும். அவர்களுக்கு வீட்டிலேயே ஒன்றைச் சொந்தமாக எடுத்து நடத்துங்கள், கணக்கு மட்டும் இங்கே கொண்டுவந்து காட்டுங்கள் என்றேன். ஒருத்தி வீட்டு ஆட்டை எடுத்துக்கொண்டாள். தவிடு, அகத்திக்கீரை, குடற்புழு மருந்து எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு கட்டத்தில் 'அம்மா கூலி' என்று புதிதாக ஒரு பத்தி போட்டுவிட்டாள். மேய்ச்சலுக்கு அம்மா போகும் நேரத்தை நூறு நாள் வேலைக் கூலிக்குக் கணக்குப் போட்டாள். குட்டி விற்ற லாபம் காணாமல் போய்விட்டது. "அப்ப அம்மா சும்மாவா சார் மேச்சாங்க?" என்று கேட்டாள். வேளாண் பொருளாதாரத்தில் இதைவிடப் பெரிய கேள்வி எனக்குத் தெரியாது. அன்று பாடம் நடத்தவில்லை, எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினோம்.

இது நான் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்டன் ஊர் வேளாண் பள்ளியில் ரூஃபஸ் ஸ்டிம்சன் என்பவர் 1908 முதலே, மாணவன் தன் வீட்டுப் பண்ணையில் சொந்தமாக ஒரு பயிரோ கால்நடையோ நடத்தி, அதன் கணக்கோடு வகுப்புக்கு வரவேண்டும் என்று முறை வைத்தார். 1917-ல் அங்கே வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம், வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் மேற்பார்வையுடன் பண்ணைப் பயிற்சி இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது. 1928-ல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய 'எதிர்கால உழவர்' அமைப்பும் அந்த வழியில் வந்ததுதான். அதில் 1969 வரை பெண் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிள்ளைகளை நிமிரவைத்த இன்னொன்று மண் பரிசோதனை. அவரவர் நிலத்து மண்ணை எடுத்துவரச் சொன்னேன். மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில 'வி' மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கத்து மண்ணைச் சுரண்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்துப் பிரித்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவருவது. நிலமில்லாதவர்கள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டு எடுத்துவந்தார்கள். முடிவு வந்தபோது ஒரு பையன் வீட்டு நிலத்தில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்று இருந்தது. அவன் அப்பா வருடம் தவறாமல், அதே மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அடியுரமாகப் போடுகிறவர். 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். சாயங்காலம் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். முதலில் "உன் வாத்தியாருக்கு என்ன தெரியும்" என்றாராம். அப்புறம் அவரே பள்ளிக்கு வந்தார், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெளியே போகும்போது மகனிடம், "அப்ப இந்த வருஷம் எவ்வளவு குறைக்கலாங்கற?" என்று கேட்டார். மகனிடம் கேட்டார் என்பதுதான் இங்கே முக்கியம். வீட்டில் தன் பேச்சுக்கு மதிப்பு வந்த பையனை வகுப்பில் தூங்கவைக்கவே முடியாது.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடம் அப்படியே கிடக்கிறது, சில இடங்களில் பிரிவையே மூடிவிட்டார்கள். அரசு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடுகிறது, மகிழ்ச்சி. வேளாண்மை படிக்க நினைக்கும் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் ஓர் ஆசிரியர் வேண்டாமா?

கையில் இருக்கும் ஆட்களையும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவ மாணவிகள் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமங்களில் வந்து தங்குகிறார்கள். பள்ளிக்கும் வருவார்கள். பஞ்சகவ்யம் தயாரிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் காட்டுவார்கள், பேனர் பிடித்து ஒரு போட்டோ, மறுநாள் பத்திரிகையில் செய்தி. உங்கள் பத்திரிகையிலும்தான். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குக் கொடுத்த வேலை அது. அதற்குப் பதில் ஆளுக்கு நாலு பாத்தியை ஒப்படைத்து, ஊரில் இருக்கும் நாள்வரை பாத்திக்காரர்களோடு இருங்கள் என்று சொல்லலாமே. இருபது, இருபத்தொரு வயது அக்காவும் அண்ணனும் சொன்னால் கேட்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேளாண் படிப்பில் 7.5 சதவீத முன்னுரிமை இடம் 2021 சட்டத்தால் வந்திருக்கிறது என்பதோ, தொழிற்பிரிவில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு என்பதோ, பட்டயப் படிப்பு இருக்கிறது என்பதோ பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த வழியில் போனவர் வந்து சொன்னால் காதில் ஏறும்.

எல்லாரும் விவசாயி ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆக மாட்டார்கள், ஆகவும் முடியாது, பாதிப் பேர் வீட்டில் நிலமே கிடையாது. ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் காய்கறி மகத்துவ மையத்துக்கு ஒரு முறை கூட்டிப்போனேன். நிழல்வலைக் கூடத்துக்குள் குழித்தட்டுகளில் ஒரே உயரத்தில் நிற்கும் நாற்றுகளைப் பார்த்துவிட்டு, நிலமில்லாத ஒரு பையன் கேட்டான்: "இதுக்கு எவ்ளோ எடம் சார் வேணும்?" இப்போது நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறான். அந்தத் தக்காளி டெம்போ பையன் விவசாயத்துக்கு வரவில்லை, மண்டியில் கணக்கு எழுதுகிறான். அதுவும் இந்தத் தொழில்தான், கமிஷனை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறான், அவ்வளவே.

பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. புதுப் பெயர் வைத்து இன்னொரு மன்றம் தொடங்க வேண்டாம், தொடக்க விழாவும் வேண்டாம். பள்ளித் தோட்டத்து விளைச்சலை வளர்த்த பிள்ளைகளே விற்று, செலவு போக மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆணை. தலைமை ஆசிரியரின் ஆடிட் பயம் அதோடு போய்விடும். அந்தக் கணக்கு நோட்டுக்கும் வீட்டில் செய்யும் வேலைக்கும் அக மதிப்பெண்ணில் ஓர் இடம். தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்று அதே தாளில் ஒரு வரி. ஆணை ஜூன் மாதமே வந்தால்தான் பாத்தி பிரித்து, மண் எடுத்து, எரு போட்டு ஆடியில் விதைக்க முடியும். ஆகஸ்டில் வந்தால் வழக்கம்போல மரக்கன்று நடுவிழாவுக்குத்தான் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்கல்வி வேளாண் ஆசிரியர்,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.